அமைதியான படத்தை முதலில் தியேட்டரில் பாருங்கள்

"பெரிய படம்னா தியேட்டர், சின்னப் படம்னா ஓடிடில வரட்டும்" என்பது பெரும்பாலான வீடுகளில் எழுதப்படாத விதியாகிவிட்டது. சென்னை மாதிரி ஊரில் டிக்கெட் ஒன்று 190 ரூபாய் அளவில் இருக்கிறது. நாலு பேர் கொண்ட குடும்பம் ஆன்லைனில் எடுத்தால் இணையக் கட்டணம், பார்க்கிங், இடைவேளை பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிவிடும். கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்த விதி கணக்கையே தலைகீழாகப் போடுகிறது என்பது என் கருத்து.

தியேட்டரில் கிடைத்து வீட்டில் கிடைக்காதது எது என்று யோசியுங்கள். பெரிய திரை மட்டும் இல்லை. முழு இருட்டு இருக்கிறது, மெல்லிய சத்தமும் கேட்கிற நிசப்தம் இருக்கிறது, எழுந்து போக மனம் வராத இரண்டு மணி நேரம் இருக்கிறது. சண்டையும் பாட்டும் நிறைந்த நட்சத்திரப் படத்துக்கு இவை இல்லாவிட்டாலும் பெரிய சேதம் இல்லை. நடுவில் குக்கர் விசில் அடித்தாலும், போன் வந்தாலும் படம் நம்மைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அப்படி இழுப்பதற்காகவே அதை எழுதியிருப்பார்கள். மெதுவாக நகரும் படம் அப்படி இல்லை. பத்தாவது நிமிடம் கை போனுக்குப் போனால் அந்தப் படம் அங்கேயே செத்துவிடுகிறது.

'கொட்டுக்காளி'யை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. பின்னணி இசையே கிடையாது. ஒரு குடும்பம் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் போகிற பயணம்தான் படம். இசை சொல்ல வேண்டியதையெல்லாம் வண்டிச் சத்தம், காற்று, சேவல், பேச்சுக்கு நடுவே விழும் மௌனம் ஆகியவைதான் சொல்கின்றன. டிவியின் முதுகில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில், மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே இதில் பாதி காதில் விழாது. அப்புறம் "ஒண்ணுமே நடக்கலையே" என்றுதான் தோன்றும். அதே இயக்குநரின் முந்தைய படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மையான டைகர் விருதை வாங்கியும், பொதுவான தியேட்டர் வெளியீடு இல்லாமல் நேராக ஓடிடிக்குத்தான் வந்தது. இந்த மாதிரிப் படம் தியேட்டருக்கு வருவதே அபூர்வம். வந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு வாரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். படங்கள் வெள்ளிக்கிழமை வருகின்றன, விடுமுறையை ஒட்டி வியாழனும் உண்டு. ஞாயிறு இரவு வரை என்ன கூட்டம் என்று பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே காட்சிகளைக் குறைக்கத் தொடங்குவார்கள். அடுத்த வெள்ளிக்கான அட்டவணை புதன், வியாழனில் முடிவாகும். அதில் சின்னப் படத்துக்கு மிஞ்சுவது ஊருக்கு ஒரு காட்சி, அதுவும் காலை பத்து மணிக்கோ இரவு பத்தரைக்கோ. ஆகவே சின்னப் படத்துக்கு முதல் சனி, ஞாயிறுதான் கெடு. "நல்லா இருக்குன்னு நாலு பேர் சொல்லட்டும்" என்று காத்திருந்தால், நாலு பேர் சொல்லி முடிக்கும்போது படம் தூக்கப்பட்டிருக்கும்.

நட்சத்திரப் படத்துக்கு இந்த அவசரம் தேவையில்லை. முதல் நாள் முதல் காட்சி ஒரு திருவிழா. திருவிழாவுக்காகப் போவதென்றால் தாராளமாகப் போகலாம், அந்த உற்சாகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அன்றைக்கு வசனம் கேட்காது. வசனம் கேட்க வேண்டுமென்றால் திங்கள் அல்லது செவ்வாய் மாலைக் காட்சிக்குப் போங்கள். படம் இரண்டு வாரமாவது நிற்கும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்குத் தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. பெரிய தமிழ்ப் படங்களின் இந்தி வடிவம் வடக்கே பல மல்டிபிளெக்ஸ்களில் ஓடாமல் போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று தெரிந்த படத்துக்கு, முதல் வாரத்தில் கூடுதல் விலை கொடுத்து மூலை சீட்டில் உட்கார வேண்டிய அவசியம் என்ன?

படம் நன்றாக இருக்கிறதா என்று யாரைக் கேட்பது? முதல் நாள் தியேட்டர் வாசலில் மைக் முன்னால் சொல்லப்படுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ரசிகர் புகழ்வார், எதிர்த் தரப்பு ரசிகர் திட்டுவார், இரண்டிலும் படம் இருக்காது. வசூல் எண்களும் உதவாது. நம் நாட்டில் வசூலைத் தணிக்கை செய்து வெளியிடும் பொது அமைப்பு கிடையாது. தயாரிப்பாளர் சொல்வது ஒன்று, வர்த்தகக் கணக்கர் சொல்வது வேறொன்று.

இதைவிட நம்பகமான வழி புக்கிங் ஆப்பின் இருக்கை வரைபடம். நாலாம் நாள், அதாவது திங்கட்கிழமை மாலைக் காட்சியைத் திறந்து பாருங்கள். சனி, ஞாயிறு நிரம்பியது நட்சத்திரத்துக்காக இருக்கலாம், விடுமுறைக்காக இருக்கலாம். திங்கள் மாலை ஆறரைக் காட்சியில் நடு வரிசைகள் நிரம்பியிருந்தால், பார்த்தவர் அடுத்தவரிடம் சொல்லியிருக்கிறார் என்று பொருள். ஒரே ஊரில் நாலைந்து தியேட்டர்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இரண்டாவது வெள்ளியன்று ஒரு சின்னப் படத்துக்குக் காட்சி குறையாமல் இருந்தாலோ, காலைக் காட்சி மாலைக்கு மாறியிருந்தாலோ, வேறு எதையும் விசாரிக்காமல் டிக்கெட் எடுக்கலாம்.

ஐஎம்டிபி தளத்தில் ரசிகர்கள் போடும் மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள் அந்த ஒற்றை எண்ணோடு நிற்கக் கூடாது. அதைத் தொட்டால், எத்தனை பேர் பத்து கொடுத்தார்கள், எத்தனை பேர் ஒன்று கொடுத்தார்கள் என்ற பட்டை வரைபடம் வரும். பத்தும் ஒன்றும் மட்டும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் அது ரசிகர் சண்டை, அதில் தகவல் எதுவும் இல்லை. ஏழு, எட்டில் மேடு கட்டியிருந்தால் ஓட்டுப் போட்டவர்கள் படத்தைப் பார்த்தவர்கள். முதல் வாரத்தில் சில நூறு ஓட்டுகள் மட்டும் இருக்கும்போது இந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. வெளிநாட்டுப் படங்களுக்கும் பழைய படங்களுக்கும் இது ஓரளவு உதவும். அங்கே அவசரக் கூட்டம் ஓய்ந்து வருடங்கள் ஆகியிருக்கும்.

விமர்சகரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே பார்த்து, உறுதியான கருத்து வைத்திருக்கும் ஐந்து படங்களுக்கு அவர் எழுதியதைப் படியுங்கள். உங்கள் கருத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. அவர் எதைக் கவனிக்கிறார், பிடிக்காததற்கு என்ன காரணம் சொல்கிறார் என்று புரிந்தால் போதும். "இரண்டாம் பாதி இழுவை" என்று அவர் சொல்லும் படமெல்லாம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அந்தச் சொல்லே உங்களுக்கு ஒரு வழிகாட்டி. இப்படி இரண்டு பேர் போதும். இருபது பேரைக் கேட்டால் பத்துப் பேர் நல்லது என்றும் பத்துப் பேர் மோசம் என்றும் பிரிவார்கள்.

நடிகர் பெயரோடு நிற்காமல் போஸ்டரின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தையும் படிக்கப் பழகுங்கள். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர் என்ற மூன்று பெயர்கள் அங்கே இருக்கும். போன வருடம் உங்களைக் கட்டிப்போட்ட படத்தின் ஒலி வடிவமைப்பாளர் இந்த வாரம் வரும் புதுமுக இயக்குநரின் படத்தில் இருந்தால், அதைத் தியேட்டரில் பார்க்க அதுவே போதிய காரணம்.

குழந்தைகளோடு போவதென்றால் சான்றிதழைப் பாருங்கள். முன்பு யு/ஏ என்று பொதுவாக இருந்ததை, 2024இல் வந்த புதிய விதிகளின்படி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 7+ படமும் 16+ படமும் ஒன்றல்ல. போஸ்டரில் வெறும் 'யு/ஏ' என்பதைப் பார்த்துவிட்டு ஆறு வயதுக் குழந்தையை அழைத்துப் போகாதீர்கள். ஏ சான்றிதழ் படத்துக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை, பெற்றோர் கூட இருந்தாலும், உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். டிக்கெட் எடுத்த பிறகு வாசலில் திருப்பி அனுப்பினால் பணம் போனது போனதுதான். படம் தொடங்கும் முன் திரையில் காட்டும் சான்றிதழில் ஓடும் நேரமும் இருக்கும், புக்கிங் ஆப்பிலும் இருக்கும். 2 மணி 50 நிமிடப் படத்தின் இரவு 10.15 காட்சி என்றால், இடைவேளை, விளம்பரம் எல்லாம் சேர்த்து வெளியே வரும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும்.

இனி எந்தத் திரை என்பது. ஒரே வளாகத்தில் ஆறு திரைகள் இருந்தால் ஆறும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. விலை ஒன்றாகவே இருக்கும். வந்த முதல் வாரத்தில் பெரிய திரையில் ஓடும் படம், மூன்றாம் வாரத்தில் எண்பது சீட் திரைக்குப் போய்விடும். புக்கிங்கின்போது திரையின் பெயரோ எண்ணோ வரும், அதைக் கவனித்து எது நன்றாக இருந்தது என்று போனில் குறித்து வையுங்கள். லேசர் புரொஜெக்டர் என்று போட்டிருந்தால் நல்லது. பழைய செனான் விளக்குப் புரொஜெக்டரில் விளக்கு தேயத் தேயப் படம் மங்கிக்கொண்டே போகும். திரையில் விழ வேண்டிய வெளிச்சத்துக்கு அளவு இருக்கிறது, 2டி படத்துக்கு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டியில் கண்ணாடியும் வடிகட்டியும் தின்றது போக மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது. அதனால் இரவுக் காட்சிகள் நிறைந்த படத்தை 3டியில் பார்க்காதீர்கள். இன்னொன்று, 3டிக்காக வெள்ளித் திரை பொருத்திய அரங்கில் 2டி படம் ஓடும்போது நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும். அங்கே ஓர சீட் எடுக்கவே கூடாது.

சீட்டுக்கு எளிய கணக்கு இது. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில். பதினைந்து வரிசை இருந்தால், திரையிலிருந்து ஒன்பது முதல் பதினொன்றாம் வரிசை. வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் ஏ வரிசை பின்னால் இருக்கும், சில இடங்களில் முன்னால். கடைசி வரிசைதான் உயர்ந்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே தலைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் காதை அடைத்து, முன்னால் பேசும் வசனத்தை விழுங்கிவிடும். கூரையிலும் ஸ்பீக்கர் வைத்த அட்மாஸ் அரங்கில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒலி ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்கு நகர்வது நடுவில் இருப்பவருக்குத்தான் தெரியும். பால்கனி உள்ள பழைய தியேட்டரில் பால்கனியின் இரண்டாவது, மூன்றாவது வரிசை நடு சீட். முதல் வரிசையில் கைப்பிடிக் கம்பி மறைக்கலாம்.

படம் மங்கலாக இருந்தாலோ, வசனம் கேட்கவில்லை என்றாலோ, சகித்துக்கொண்டு உட்கார வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வந்து ஊழியரிடம் சொல்லுங்கள். "சவுண்ட் வைங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட "நடு ஸ்பீக்கர்ல பேச்சு கேக்கல, இசை மட்டும் கேக்குது" என்றோ, "மேலே தலை வெட்டுப்படுது" என்றோ சொன்னால் ஆபரேட்டருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியும். தியேட்டரின் ஒலிக் கட்டுப்பாட்டில் 7 என்பது படத்தின் ஒலியைக் கலவை செய்தபோது வைத்திருந்த அளவு. சத்தம் அதிகம் என்று புகார் வந்ததால் பல தியேட்டர்களில் 5க்குக் குறைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். சண்டைப் படத்தில் அது தெரியாது. முணுமுணுப்பில் நடக்கும் படத்தில் கதையே போய்விடும்.

மறுவெளியீடுகள் இப்போது நிறைய வருகின்றன. டிக்கெட் எடுக்கும் முன் டிரெய்லரில் பாருங்கள். பழைய படம் கிட்டத்தட்டச் சதுரமாக எடுக்கப்பட்டிருந்தால், அதை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்களா? நெற்றியும் முகவாயும் ஓரத்தில் இடிக்கின்றனவா? முகங்கள் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருந்தால், ஃபிலிமுக்கே உரிய நுண்துகள்களைக் கணினி அழித்துவிட்டது என்று பொருள். அதை 4கே என்று சொன்னாலும் நெகடிவிலிருந்து எடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டுக்கு எது? முடிச்சுகள் நிறைந்த புலனாய்வுக் கதை, நிறுத்தி யோசிக்க வேண்டிய ஆவணப்படம், இரண்டாம் முறை பார்க்கும் படம், மூன்றரை மணி நேர நீளம் எல்லாம் வீட்டில் நன்றாகவே இருக்கும். நகைச்சுவைப் படத்தை மட்டும் வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். சிரிப்பு பக்கத்து சீட்டிலிருந்து பரவுவது, தனியாகப் பார்த்தால் அதே காட்சி பாதிதான்.

டிவியில் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிக்சர் மோடை விவிட் அல்லது ஸ்டாண்டர்டிலிருந்து சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் என்பதற்கு மாற்றுங்கள். முதல் நாள் படம் மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். கடை வெளிச்சத்துக்காக வைத்த நீலத்துக்குக் கண் பழகியிருப்பதால் அப்படி. இரண்டு நாளில் தோல் நிறம் தோல் நிறமாகத் தெரியத் தொடங்கும். அடுத்து அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்று பெயர். படம் நொடிக்கு 24 சட்டகம். டிவி நடுவில் தானே கற்பனைச் சட்டகங்களைச் செருகுவதால்தான் பெரிய பட்ஜெட் படமும் சீரியல் மாதிரித் தெரிகிறது. அணைத்த பிறகு கேமரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் சின்னத் திக்கல் தெரியலாம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 24 சட்டகத்தைச் சமமாகப் பங்கு போட முடியாமல் ஒரு சட்டகத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுவதால் வருவது அது. டிவியில் மாட்டும் ஓடிடி ஸ்டிக்கில் 'மூல ஃபிரேம் ரேட்டுக்குப் பொருத்து' என்ற அமைப்பு இருந்து, டிவியும் 24ஐ ஏற்றுக்கொண்டால் சரியாகிவிடும். ஷார்ப்னஸை பூஜ்ஜியத்துக்கு அருகில் வையுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் ஜூம் செய்யாதீர்கள். ஸ்கோப் எனப்படும் மிக அகலமான படத்தை டிவி முழுக்க நிரப்பினால் பக்கவாட்டில் கால்வாசிப் படம் காணாமல் போகும்.

எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்பதற்கு, டிவி அளவை 1.6ஆல் பெருக்குங்கள். 55 அங்குலத்துக்கு 88 அங்குலம், அதாவது ஏழு அடி சொச்சம். 43 அங்குலத்துக்கு ஆறடிக்குள். நம் ஹால்களில் சோஃபா பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்கும். டிவியை மாற்ற வேண்டாம், படம் பார்க்கும் நேரத்துக்கு ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள்.

வசனம் கேட்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், ஆறு ஸ்பீக்கருக்காகப் பிரித்த 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்குள் டிவி திணிப்பதுதான். ஆப்பில் ஒலிப் பட்டியலைத் திறந்து, 5.1 போடாத சாதாரணத் தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பேச்சு உடனே மேலே வரும். சவுண்ட்பார் இருந்தால் ஆப்டிகல் கேபிளை விட்டுவிட்டு ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் மாட்டுங்கள். ஓடிடிகள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற ஒலி வடிவம் ஆப்டிகல் வழியாகப் போகாது. அதே பட்டியலில் மொழியையும் பாருங்கள். மலையாளப் படத்தைத் திறந்தால் ஆப் சில நேரம் தானாகவே தமிழ் டப்பிங்கைப் போட்டுவிடும். மூல மொழிக்கு மாற்றி சப்டைட்டில் வையுங்கள். டப்பிங்கில் குரல் மட்டும் மாறுவதில்லை, அந்த அறையின் எதிரொலி, மூச்சு, தூரம் எல்லாம் ஸ்டுடியோ மைக்குக்குள் போய்விடுகிறது.

சந்தாவின் தரத்தையும் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் 149 ரூபாய் மொபைல் திட்டம் 480பி என்ற குறைந்த தெளிவை மட்டுமே தரும், அதுவும் போனிலும் டேப்லட்டிலும்தான். 4கே வேண்டுமானால் 649 ரூபாய்த் திட்டம், இணையத்தில் 15 எம்பிபிஎஸ் வேகம். இருட்டுக் காட்சியில் கறுப்பு கட்டம் கட்டமாக உடைந்தால் படத்தைக் குறை சொல்லும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

ஓடிடியின் முகப்பைப் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்காதீர்கள். அது அந்த நிறுவனம் உங்களுக்குக் காட்ட விரும்புவது. பத்துப் படம் கொண்ட ஒரு பட்டியலைத் தனியாக எழுதி வையுங்கள், பக்கத்தில் ஓடும் நேரத்தோடு. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று ஜஸ்ட்வாட்ச் தளத்தில் தெரியும். வேலை நாள் இரவுக்கு 110 நிமிடத்துக்குள் இருப்பது, சனிக்கிழமைக்கு நீளமானது. ஒன்பது மணிக்கு உட்காரும்போது எதைப் பார்ப்பது என்று முடிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் விரலிலேயே போகும். போன் வேறு அறையில் இருக்கட்டும், ட்யூப் லைட்டை அணையுங்கள். முப்பது நிமிடம் இப்படிக் கவனமாகப் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் நிறுத்தலாம், குற்ற உணர்வு வேண்டாம். போனைப் பார்த்துக்கொண்டே கடந்த முப்பது நிமிடம் இந்தக் கணக்கில் சேராது.

ஓடிடியிலும் தியேட்டரிலும் கிடைக்காத படங்களுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. சென்னையில் டிசம்பரில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழா, அதே மாதம் திருவனந்தபுரத்தில் கேரள விழா. ஆண்டு முழுக்க நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் (பிரெஞ்சுப் பண்பாட்டு மையம்), கோத்தே நிலையம் (ஜெர்மன் பண்பாட்டு மையம்) போன்ற இடங்களில் திரையிடல்கள் உண்டு. விழாவில் அட்டவணை கையில் வந்ததும், கான், வெனிஸ் திரைப்பட விழாக்களில் பெரிய விருது வாங்கிய படங்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவை சில மாதத்தில் ஏதோ ஓர் ஓடிடிக்கு வர வாய்ப்பு அதிகம், அரங்கு வாசலில் வரிசையும் நீளம். கஜகஸ்தானிலிருந்தோ பொலிவியாவிலிருந்தோ வந்த முதல் படம், அதே நேரத்தில் பக்கத்துத் திரையில், பாதி காலியாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே போய் நடுவில் உட்காருங்கள்.